கடல் கடந்த மாணவர் அம்பேத்கர்: அருளாக வந்த உதவித்தொகையும் உரிமையாக வேண்டிய கல்வியும்

அண்ணல் அம்பேத்கரை நாம் பெரும்பாலும் சிலையாகவே அறிந்திருக்கிறோம். நீல நிறக் கோட்டு, இடக்கையில் அரசமைப்புச் சட்டம், நீட்டிய வலக்கை. தமிழ்நாட்டில் அச்சிலைகளில் பலவற்றைக் கம்பிக்கூண்டுக்குள் அடைத்தும் வைத்திருக்கிறோம். சட்ட மேதை, அரசியல் தலைவர், பௌத்தம் தழுவிய வழிகாட்டி என்ற பெரிய பிம்பங்களுக்கு நடுவே, 22 வயதில் கப்பலேறி அறியாத நாட்டில் இறங்கிய ஒரு மாணவரை நாம் போதிய அளவு பேசவில்லை. ஆனால் பின்னாளில் அவர் எழுதியவற்றுக்கும் போராடியவற்றுக்கும் வேர் அந்த மாணவப் பருவத்தில்தான் இருக்கிறது.

அந்தப் பருவத்தை இன்று மீண்டும் பேசவேண்டிய தேவையும் இருக்கிறது. வெளிநாட்டில் உயர்கல்வி கற்கப் பட்டியல் சாதி மாணவர்களுக்கு அரசு வழங்கும் உதவித்தொகையின் விதிகள், நம் கண்ணெதிரே மாற்றப்பட்டு வருகின்றன. அம்பேத்கர் எப்படிப் படிக்கப் போனார், யார் பணம் கொடுத்தார்கள், எந்த நிபந்தனையின் பேரில் கொடுத்தார்கள், பணம் நின்றபோது என்ன ஆயிற்று என்னும் கேள்விகளை அடுக்கிப் பார்த்தால், அது தனிமனிதரின் வெற்றிக் கதையாக மட்டும் நிற்பதில்லை. நம் பிள்ளைகளின் வழக்கில் சேர்க்கவேண்டிய ஆவணமாகவும் ஆகிறது.

கோணிப்பையிலிருந்து கல்லூரி வரை

பீமராவ் ராம்ஜி அம்பேத்கர் 1891 ஏப்ரல் 14 அன்று, இன்றைய மத்தியப் பிரதேசத்திலுள்ள மாவ் படைமுகாமில் பிறந்தார். பெற்றோருக்கு அவர் 14ஆவது குழந்தை. மகர் சமூகத்தைச் சேர்ந்த தந்தை ராம்ஜி சக்பால் ஆங்கிலேயர் படையில் சுபேதாராகப் பணியாற்றியவர். படைப் பள்ளியில் ஆசிரியராகவும் இருந்தவர். படையில் சேர்ந்த தலித் குடும்பங்களுக்கு மட்டும் அக்காலத்தில் கிட்டிய எழுத்தறிவு அந்த வீட்டில் இருந்தது. படையில் மகர்களைச் சேர்ப்பதை ஆங்கிலேய அரசு பின்னர் நிறுத்திவிட்டது என்பதையும் சேர்த்து எண்ணினால், அந்த ஒரு கதவு எவ்வளவு குறுகிய காலம் திறந்திருந்தது என்பது புரியும்.

சாத்தாராவில் பள்ளிக்குச் சென்ற சிறுவன், வீட்டிலிருந்து கொண்டுவந்த கோணிப்பையின் மீது தனியே உட்கார வைக்கப்பட்டான். தாகமெடுத்தால் பள்ளியின் ஏவலாள் மேலிருந்து தண்ணீர் ஊற்றவேண்டும். அவர் வராத நாளில் தண்ணீர் இல்லை. பம்பாய்க்குக் குடும்பம் பெயர்ந்து எல்பின்ஸ்டன் உயர்நிலைப் பள்ளியில் சேர்ந்த பிறகும், சமற்கிருதம் படிக்கும் விருப்பம் மறுக்கப்பட்டது. பாரசீகத்தை எடுத்துக்கொள்ள நேர்ந்தது. 1907ஆம் ஆண்டு மெட்ரிகுலேஷன் தேர்வில் 750க்கு 282 மதிப்பெண் பெற்றுத் தேறினார். அவருடைய சமூகத்தில் அது அரிய நிகழ்வு என்பதால் பாராட்டுக் கூட்டமே நடந்தது. அந்த மதிப்பெண்ணை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்; பின்னர் அதற்கு மீண்டும் வருவோம்.

பாராட்டுக் கூட்டத்துக்கு வந்திருந்த எழுத்தாளர் கிருஷ்ணாஜி அர்ஜுன் கேலுஸ்கர், தாம் எழுதிய புத்தர் வரலாற்றை அந்த மாணவருக்குப் பரிசளித்தார். கல்லூரிப் படிப்புக்குக் குடும்பத்திடம் பணம் இல்லாமற்போனபோது, பரோடா மன்னர் மூன்றாம் சாயாஜிராவ் கெய்க்வாடிடம் அவரை அழைத்துச் சென்றவரும் கேலுஸ்கரே. மாதம் 25 ரூபாய் உதவித்தொகை கிடைத்தது. 1912இல் எல்பின்ஸ்டன் கல்லூரியில் பி.ஏ. முடித்தார். 1913இன் தொடக்கத்தில் பரோடா அரசுப் பணியில் சேர்ந்த சில நாட்களிலேயே தந்தையின் உடல்நிலை மோசமாகித் திரும்பினார்; பிப்ரவரி 2 அன்று ராம்ஜி இறந்தார். மகன் படித்தே தீரவேண்டும் என்று கடன் வாங்கிப் புத்தகம் வாங்கித் தந்தவர், மகன் கடல் கடந்ததைக் காணவில்லை.

1913 ஜூன் 4: ஓர் ஒப்பந்தம்

அந்த ஆண்டில் பரோடா மன்னர் சில மாணவர்களை அமெரிக்காவிலுள்ள கொலம்பியா பல்கலைக்கழகத்துக்கு அனுப்ப முடிவு செய்தார். தேர்வானவர்களுள் அம்பேத்கரும் ஒருவர். 1913 ஜூன் 4 அன்று பரோடாவில் ஓர் ஒப்பந்தத்தில் அவர் கையெழுத்திட்டார். குறித்த பாடங்களையே படிப்பது, படிப்பு முடிந்தபின் பரோடா அரசில் பத்தாண்டுகள் பணியாற்றுவது என்பன அதன் நிபந்தனைகள். மூன்றாண்டுகளுக்கு மாதம் பதினொன்றரை பவுண்டு வீதம் உதவித்தொகை.

சட்டம் பயின்றவர்கள் இந்த ஒப்பந்தத்தைக் கவனிக்கவேண்டும். மாணவரின் கடமைகள் அதில் தெளிவாக இருந்தன. அவற்றை மீறினால் பொறுப்பும் உண்டு. அரசின் தரப்பில் இருந்ததோ ஒரு மன்னரின் நல்லெண்ணம். சாயாஜிராவ் நல்லவர், தீண்டப்படாதோருக்குப் பள்ளிகள் திறந்தவர், அக்கால இந்திய மன்னர்களுள் அத்தகையோர் மிகச் சிலரே. ஆயினும் உதவித்தொகை நீட்டிக்கப்படாவிட்டால் முறையிட இடமில்லை. படித்துத் திரும்புகிறவர் தங்க ஓர் அறை தரப்படும் என்ற உறுதி அதில் இல்லை. இவ்விரண்டு குறைகளும் பின்னர் அவர் வாழ்வைப் புரட்டிப் போட்டன.

நியூயார்க்கின் முதல் மாதங்கள்

1913 ஜூலையில் அம்பேத்கர் நியூயார்க் நகரில் இறங்கினார். வீட்டில் மனைவி ரமாபாயும் கைக்குழந்தை யஷ்வந்தும் இருந்தார்கள். முதலில் பல்கலைக்கழகத்தின் ஹார்ட்லி விடுதியில் தங்கினார். அங்குள்ள உணவு ஒத்துக்கொள்ளவில்லை. இந்திய மாணவர்கள் சிலர் தங்கியிருந்த காஸ்மோபாலிட்டன் மன்றத்துக்கு மாறினார். பின்னர் லிவிங்ஸ்டன் விடுதியில், நவல் பதேனா என்ற பார்சி மாணவருடன் ஓர் அறையைப் பகிர்ந்துகொண்டார். அந்த நட்பு வாழ்நாள் முழுதும் நீடித்தது.

வெளிநாடு செல்லும் எந்த மாணவருக்கும் முதல் வாரங்களில் மொழியும் உணவும் குளிரும் அந்நியமாக இருக்கும். அம்பேத்கருக்கு அங்கே மிகவும் அந்நியமாக இருந்தது சமத்துவம்தான். மற்றவர்களோடு ஒரே மேசையில் உண்ணலாம். நூலகத்தில் எந்தப் புத்தகத்தையும் தொட்டு எடுக்கலாம். குழாயைத் தன் கையால் திறந்து தண்ணீர் குடிக்கலாம். பிறருக்கு இவை நினைவில் நிற்காத அன்றாடச் செயல்கள். ஏவலாள் வராத நாளில் தண்ணீரின்றி இருந்த ஒருவருக்கு இவை ஒவ்வொன்றும் ஒரு செய்தி. அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் கழித்த ஆண்டுகளில் தாம் தீண்டப்படாதவர் என்ற நினைவே தம் மனத்திலிருந்து அகன்றுவிட்டதாகப் பின்னாளில் தம் நினைவுக் குறிப்புகளில் எழுதினார்.

இங்கே ஒன்றைக் குறித்துக்கொள்ள வேண்டும். அந்தச் சமத்துவத்தைத் தனக்குக் கிடைத்த தனிப்பட்ட பேறாக அவர் எண்ணவில்லை. நியூயார்க் சென்ற சில வாரங்களிலேயே தந்தையின் நண்பர் ஒருவருக்கு அவர் எழுதிய கடிதம் இதற்குச் சான்று. பெற்றோர் பிள்ளைக்குப் பிறப்பை மட்டுமே தருகிறார்கள், அதன் வாழ்வை விதி வகுக்கிறது என்ற எண்ணத்தைக் கைவிடவேண்டும் என்று அதில் வலியுறுத்தினார். பிள்ளையின் எதிர்காலத்தைப் பெற்றோரால் வடிவமைக்க முடியும் என்பது அவர் கருத்து. ஆண்பிள்ளைகளோடு பெண்பிள்ளைகளும் கற்றால் தம் சமூகத்தின் முன்னேற்றம் பலமடங்கு விரைவாகும் என்றும், அந்த எண்ணத்தை நெருங்கியவர்களிடையே பரப்பவேண்டும் என்றும் கேட்டுக்கொண்டார். புதிய நாட்டின் உயர்ந்த கட்டடங்களையும் வேடிக்கைகளையும் பற்றி எழுதியிருக்கக்கூடிய வயது அது. அவர் எழுதியதோ, ஊரில் எந்தப் பெண்பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பவேண்டும் என்பதைப் பற்றி.

விதி என்ற சொல்லை அவர் தொட்டது தற்செயலன்று. முற்பிறவிப் பயன் என்ற நம்பிக்கைதான் சாதிக்கு நீதி கற்பிக்கும் சட்டம். கொலம்பியாவில் வகுப்புகள் தொடங்கும் முன்பே அந்தச் சட்டத்தின் முதல் பிரிவை அந்த மாணவர் அடித்துவிட்டார்.

அறுபது பாடங்கள்

மூன்றாண்டுகளில் அவர் எடுத்த பாடங்களின் எண்ணிக்கை வியக்க வைப்பது. பொருளியலில் 29, வரலாற்றில் 11, சமூகவியலில் 6, தத்துவத்தில் 5, மானிடவியலில் 4, அரசியலில் 3, பிரெஞ்சிலும் ஜெர்மனிலும் தொடக்கநிலைப் பாடம் ஒவ்வொன்று. பட்டத்துக்கு இவ்வளவு தேவையில்லை. திறந்திருந்த கதவுகள் அனைத்திலும் நுழைந்து பார்க்கும் அவசரம் அவருக்கு இருந்தது. அடுத்த முறை கதவு திறக்குமா என்று தெரியாதவர்கள் அப்படித்தான் படிப்பார்கள்.

எட்வின் செலிக்மன் பொது நிதியியல் கற்பித்தார். ஜான் டூயி தத்துவம் கற்பித்தார். சனநாயகம் என்பது ஆட்சிமுறை மட்டுமன்று, மக்கள் ஒருவரோடொருவர் பகிர்ந்து வாழும் முறை என்ற டூயியின் சிந்தனை அம்பேத்கரிடம் ஆழமாகப் பதிந்தது. 1936இல் வெளியான ‘சாதி ஒழிப்பு’ நூலைப் படிப்போர் அதன் தடத்தை எளிதில் காணலாம். கொலம்பியா பல்கலைக்கழகம் மதிப்புறு முனைவர் பட்டம் வழங்க 1952 ஜூனில் அவரை அழைத்தபோது, பழைய ஆசிரியரைச் சந்திக்கும் ஆவலோடு புறப்பட்டார். அவர் சென்று சேர்வதற்குள் டூயி இறந்துவிட்டார்.

செலவைச் சுருக்கி வீட்டுக்கும் பணம் அனுப்பினார். ஒரு கோப்பைக் காபி, இரண்டு ரொட்டித் துண்டுகள், ஒரு தட்டு மீனோ இறைச்சியோ. பெரும்பாலும் அதுவே அன்றைய உணவு. மிச்சப்படுத்திய காசு பழைய புத்தகக் கடைகளுக்குப் போனது. ஏறத்தாழ 2,000 புத்தகங்கள் சேர்ந்தன. அப்போது நியூயார்க்கில் இருந்த லாலா லஜபதிராய் அவரை விடுதலை அரசியலுக்கு அழைத்தார். மாணவராக வந்திருப்பதால் முதலில் படிப்பை முடிக்கவேண்டும் என்று கூறி அவர் விலகிக்கொண்டார்.

பண்டைய இந்தியாவின் வணிகம் பற்றிய ஆய்வுக்கு 1915இல் எம்.ஏ. பட்டம் கிடைத்தது. 1916 மே 9 அன்று, மானிடவியலாளர் கோல்டன்வைசரின் கருத்தரங்கில் இந்தியாவில் சாதிகளின் தோற்றமும் இயக்கமும் பற்றிய கட்டுரையைப் படித்தார். சாதி, அகமண முறையால்தான் நிலைநிறுத்தப்படுகிறது என்பது அதன் மையக் கருத்து. விதவையை எரிப்பதும், விதவைக்கு மறுமணம் மறுப்பதும், சிறுமியை மணமுடிப்பதும் சாதியின் எல்லையைக் காக்கும் உத்திகளாக எழுந்தவை என்று அதில் விளக்கினார். பெண்ணுடலைக் கட்டுப்படுத்தாமல் சாதி நிற்க முடியாது என்பதை 25 வயது மாணவர் ஒருவர் அன்றே நிறுவினார். ஆணவக் கொலை வழக்குகளில் இன்று வாதாடும் எவரும் அந்தக் கட்டுரையைத் தவிர்க்க முடியாது.

அமெரிக்காவும் தூய நாடல்ல

கொலம்பியா தந்த சமத்துவத்தைப் பேசும்போது அந்நாட்டை நாம் அழகுபடுத்திக் காட்டிவிடக் கூடாது. பல்கலைக்கழகத்தின் அருகிலேயே ஹார்லெம் பகுதி இருக்கிறது. தென்மாநிலங்களின் நிறவெறிச் சட்டங்களிலிருந்து தப்பிவந்த கறுப்பின மக்கள் அப்போது அங்கே குடியேறிக்கொண்டிருந்தார்கள். அவருக்குக் கிடைத்த மேசை அவர்களுக்குக் கிடைக்கவில்லை. அமெரிக்க உள்நாட்டுப் போருக்குப் பின் செய்யப்பட்ட சட்டத் திருத்தங்கள் தாளில் சமத்துவம் தந்தும் வாழ்வில் அது ஏன் வரவில்லை என்ற கேள்வி பிற்கால அம்பேத்கரின் எழுத்துகளில் திரும்பத் திரும்ப வருகிறது. 1946இல் கறுப்பினச் சிந்தனையாளர் டு போய்ஸுக்கு அவர் கடிதம் எழுதினார். ஐக்கிய நாடுகள் அவைக்குக் கறுப்பின மக்கள் அனுப்பிய விண்ணப்பத்தின் படியைக் கேட்டு, தீண்டப்படாதோரின் நிலையும் அதை ஒத்தது என்று அதில் குறிப்பிட்டார்.

இதற்கு நேர்மாறான இந்தியர்களும் அமெரிக்காவில் இருந்தார்கள். பகத் சிங் திண்ட் என்பவர் குடியுரிமை கேட்டுத் தொடுத்த வழக்கில், தாம் உயர்சாதியினர் என்பதால் ஆரிய இனத்தவர், எனவே வெள்ளையராகக் கருதப்படவேண்டும் என்று வாதிட்டார். 1923இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. ஒரே காலகட்டத்தில் ஒருவர் சாதியைக் கடவுச்சீட்டாக நீட்டினார். மற்றொருவர் அதே நாட்டில் சாதியைக் கூறுபோட்டு ஆராய்ந்தார். இந்துக்கள் குடிபெயரும் இடமெல்லாம் சாதியும் உலகச் சிக்கலாகும் என்ற கேட்கரின் எச்சரிக்கையை அம்பேத்கர் தம் 1916ஆம் ஆண்டுக் கட்டுரையில் எடுத்தாண்டார். 2023இல் சியாட்டில் நகர மன்றம் சாதிப் பாகுபாட்டைத் தடைசெய்ய நேர்ந்தது அந்த எச்சரிக்கை பொய்க்கவில்லை என்பதையே காட்டுகிறது.

பரோடாவின் பதினோராம் நாள்

1916இல் அம்பேத்கர் இலண்டன் சென்று, இலண்டன் பொருளியல் பள்ளியிலும் வழக்கறிஞர் படிப்புக்காகக் கிரேஸ் இன்னிலும் சேர்ந்தார். ஆனால் உதவித்தொகைக் காலம் முடிந்தது. பரோடா திவான் திரும்பிவரச் சொன்னார். நான்காண்டுகளுக்குள் வந்து படிப்பைத் தொடரலாம் என்ற அனுமதியைப் பல்கலைக்கழகத்திடம் பெற்றுக்கொண்டு, 1917 ஆகஸ்டில் பம்பாய் வந்து சேர்ந்தார். முதல் உலகப் போர் நடந்துகொண்டிருந்தது. அவருடைய உடைமைகளை ஏற்றிவந்த கப்பல் தாக்கப்பட்டு மூழ்கியது. நியூயார்க்கில் பசித்துச் சேர்த்த புத்தகங்களில் பெரும்பகுதி கடலுக்குப் போயிற்று. இழந்த உடைமைகளுக்குக் கிடைத்த இழப்பீட்டுப் பணம்தான் பரோடா செல்லச் செலவுக்கு உதவியது.

பரோடாவில் மன்னரின் படைத்துறைச் செயலர் பதவி. தங்குவதற்கு இடமில்லை. இந்து விடுதிகள் ஏற்கமாட்டா என்று அறிந்து, ஒரு பார்சி விடுதியில் பார்சிப் பெயரைப் பதிவேட்டில் எழுதித் தங்கினார். அலுவலகத்தில் கடைநிலை ஊழியர்கள் கோப்புகளைக் கையில் தராமல் மேசையில் வீசினார்கள். பதினோராம் நாள் காலை, தடிகளுடன் வந்த பார்சியர் பன்னிரண்டு பேர் அறையைச் சூழ்ந்து, மாலைக்குள் வெளியேறவேண்டும் என்று மிரட்டினார்கள். இந்து நண்பர் ஒருவரிடமும் கிறித்தவ நண்பர் ஒருவரிடமும் அடைக்கலம் கேட்டார். இருவரும் தட்டிக்கழித்தார்கள். இரவு இரயில் வரும்வரை காமாட்டி பாக் பூங்காவில் ஒரு மரத்தடியில் உட்கார்ந்திருந்தார். கொலம்பியாவில் மூன்றாண்டு படித்த, இலண்டனில் ஆய்வு செய்துகொண்டிருந்த அரசு அலுவலருக்கு அந்த நகரில் ஓர் அறை கிடைக்கவில்லை.

அவரோடு அறையைப் பகிர்ந்த நவல் பதேனாவும் பார்சி; தடியோடு வந்தவர்களும் பார்சிகள். இந்துக்கள் கண்ணில் தீண்டத்தகாதவர், பார்சியர் கண்ணிலும் அப்படியே என்று அன்று உணர்ந்ததாக அவர் எழுதியிருக்கிறார். சாதி ஒரு மதத்தின் வேலிக்குள் அடங்குவதில்லை என்பதை இதைவிடத் தெளிவாகச் சொல்லும் நிகழ்ச்சி அரிது. படித்தால் சாதி போய்விடும் என்று இன்றும் நம்மிடம் சொல்பவர்களுக்கான பதிலும் அந்த மரத்தடியில் இருக்கிறது.

கடன் வாங்கித் தொடர்ந்த படிப்பு

1918 நவம்பரில் பம்பாய் சிடன்ஹாம் கல்லூரியில் பொருளியல் பேராசிரியரானார். ஆசிரியர்களுக்கான பொதுப் பானையில் அவர் தண்ணீர் குடிப்பதைச் சக பேராசிரியர்கள் சிலர் எதிர்த்தார்கள். சம்பளத்தில் மிச்சம் பிடித்தார். 1920 ஜனவரியில் ‘மூக்நாயக்’ இதழைத் தொடங்கினார். அவ்வாண்டு ஜூலையில், சேமித்த பணம், கோலாப்பூர் மன்னர் சாகு மகாராஜின் உதவி, நவல் பதேனா தந்த 5,000 ரூபாய்க் கடன் ஆகியவற்றோடு மீண்டும் இலண்டனுக்குக் கப்பலேறினார்.

இந்த இரண்டாவது மாணவ வாழ்க்கை முதலாவதைக் காட்டிலும் கடினமானது. காலையில் பிரிட்டிஷ் அருங்காட்சியக நூலகம் திறக்கும்போது நுழைந்து, மூடும்போது வெளியேறினார். விடுதி உணவு பசியை ஆற்றவில்லை. இரவில் படிக்கும்போது ஊரிலிருந்து வந்த அப்பளங்களைச் சுட்டுத் தின்றார். பம்பாயில் ரமாபாய் அதைவிடக் கடுமையான வறுமையில் குடும்பத்தைத் தாங்கிக்கொண்டிருந்தார். அம்பேத்கரின் பட்டங்களை எண்ணுவோர் ரமாபாயின் பட்டினியையும் சேர்த்தே எண்ணவேண்டும்.

1921இல் எம்.எஸ்சி., 1922இல் வழக்கறிஞர் தகுதி, 1923இல் ரூபாயின் சிக்கல் பற்றிய ஆய்வுக்கு டி.எஸ்சி. எனப் பட்டங்கள் அடுத்தடுத்து வந்தன. அந்த ஆய்வேட்டைத் தேர்வாளர்கள் முதலில் திருத்தித் தரச் சொன்னார்கள். கையில் பணமில்லாததால் ஏப்ரல் மாதமே பம்பாய் திரும்பி, அங்கிருந்தே திருத்தி அனுப்பினார். கொலம்பியாவின் முனைவர் பட்டமும் அவ்வாறே தாமதமானது. ஆய்வேட்டை அச்சிட்டுத் தரவேண்டும் என்ற விதி இருந்தது. நூல் 1925இல்தான் வெளிவந்தது. பட்டம் 1927இல் கிடைத்தது. அறிவு தயாராக இருந்தும் பணம் தயாராக இல்லாமையால் கழிந்த ஆண்டுகள் அவை. அந்த 1927இல்தான் மகாத் குளத்தில் இறங்கித் தண்ணீர் அருந்தினார்.

அருளிலிருந்து உரிமைக்கு

தாம் ஏறிவந்த ஏணியை அவர் பிறருக்காகக் கேட்டார் என்பதே இந்த வரலாற்றின் முதன்மையான பகுதி. 1942இல் வைசிராயின் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறை உறுப்பினரானதும், பட்டியல் சாதியினரின் குறைகள் பற்றி நீண்ட மனு ஒன்றை வைசிராய் லின்லித்கோவிடம் அளித்தார். அதில் உயர்கல்விக்குத் தனிப்பகுதி இருந்தது. உள்நாட்டில் அறிவியலும் தொழில்நுட்பமும் கற்க ஆண்டுக்கு 2 இலட்சம் ரூபாய், வெளிநாட்டில் கற்க 1 இலட்சம் ரூபாய் ஒதுக்கவேண்டும் என்று கோரினார். அக்கோரிக்கையின் விளைவாகப் பட்டியல் சாதி மாணவர்களுக்கு ஆண்டுக்கு 3 இலட்சம் ரூபாய் உதவித்தொகை ஒதுக்கப்பட்டது. விடுதலைக்குப் பின், 1954-55இல் தேசிய வெளிநாட்டுக் கல்வி உதவித்தொகைத் திட்டம் தொடங்கியது. ஒரு மன்னரின் அருளாக ஒருவருக்குக் கிடைத்ததை, குடிமக்களின் வரிப்பணத்திலிருந்து பலருக்குக் கிடைப்பதாக மாற்ற முயன்றார். படித்துப் பதவி பெற்றவர்கள் சமூகத்தை மறந்துவிட்டார்கள் என்று 1956இல் ஆக்ராவில் அவர் மனம் நொந்து பேசியதும் இதே அக்கறையில் விளைந்ததுதான்.

நம் குமரி நிலத்துக்கும் இந்த வரலாற்றுக்கும் தொடர்பு உண்டு. அம்பேத்கர் கொலம்பியாவில் படித்த அதே காலகட்டத்தில், நாஞ்சில் நாடு உள்ளிட்ட திருவிதாங்கூர் அரசில், புலையர் பிள்ளைகளைப் பள்ளியில் சேர்க்க அய்யன்காளி போராடிக்கொண்டிருந்தார். பஞ்சமி என்ற சிறுமியை ஊரூட்டம்பலம் பள்ளிக்கு அவர் அழைத்துச் சென்றபோது, அப்பள்ளியையே தீவைத்துக் கொளுத்தினார்கள். அதே திருவிதாங்கூரில் பிறந்த கே.ஆர். நாராயணன், பல்கலைக்கழகத்தில் முதல் வகுப்பில் தேறியும் விரிவுரையாளர் பணி மறுக்கப்பட்டு, டாட்டா உதவித்தொகையில் 1945இல் இலண்டன் பொருளியல் பள்ளிக்குச் சென்றார். பின்னாளில் குடியரசுத் தலைவரானார். குமரி மாவட்டம் 1956 நவம்பர் 1 அன்று தமிழ்நாட்டோடு இணைந்தது. அதற்கு 35 நாட்கள் கழித்து, டிசம்பர் 6 அன்று, அம்பேத்கர் மறைந்தார்.

இன்றைய விதிகள்

தேசிய வெளிநாட்டுக் கல்வி உதவித்தொகையில் இன்று நாடு முழுமைக்கும் ஆண்டுக்கு 125 இடங்கள். பட்டியல் சாதியினருக்கு 115. தகுதித் தேர்வில் 60 விழுக்காடு மதிப்பெண் வேண்டும். மெட்ரிகுலேஷனில் அம்பேத்கர் பெற்றது 38 விழுக்காட்டுக்கும் குறைவு என்பதை இப்போது நினைவுகூரலாம். விதி கேட்பது பட்டப்படிப்பின் மதிப்பெண்ணைத்தான். ஆனால் ஒரு மாணவரின் எதிர்காலத்தை அவருடைய இளமையின் மதிப்பெண் அளந்துவிடாது என்பதற்கு அவரைவிடப் பெரிய சான்று தேவையில்லை.

2022இல் இவ்விதிகளில் இன்னொன்று சேர்க்கப்பட்டது. இந்தியப் பண்பாடு, மரபு, வரலாறு, இந்தியச் சமூகம் ஆகியவை சார்ந்த ஆய்வுகளுக்கு உதவித்தொகை இல்லை என்பது அது. இந்த விதியை 1913ஆம் ஆண்டுக்குப் பொருத்திப் பாருங்கள். பண்டைய இந்திய வணிகம் பற்றிய ஆய்வுக்கு உதவி கிடைத்திருக்குமா? சாதியின் தோற்றம் பற்றிய ஆய்வுக்கு? மன்னராட்சியின் ஒப்பந்தத்தில் அந்த மாணவருக்கு இருந்த இடம், குடியரசின் விதியில் அவருடைய வாரிசுகளுக்கு மறுக்கப்படுகிறது. நம்மைப் பற்றிப் பிறர் ஆராயலாம். நாம் ஆராயக்கூடாது என்பதே இதன் பொருள்.

2025இல் தேர்வான 106 பேரில் 40 பேருக்கு மட்டுமே முதலில் ஆணை வழங்கப்பட்டது. எஞ்சிய 66 பேருக்கு நிதி இருப்பைப் பொறுத்தே என்று தெரிவிக்கப்பட்டது. சேர்க்கைக் கடிதமும் விசா நாளும் நிதி ஒதுக்கீட்டுக்காகக் காத்திருப்பதில்லை. 1917இல் படிப்பைப் பாதியில் விட்டுக் கப்பலேறிய மாணவரின் நிலைதான் இது.

குமரியில் மற்றொரு தடையும் உண்டு. இம்மாவட்டத்தில் கிறித்தவம் தழுவிய தலித் குடும்பங்கள் ஏராளம். 1950ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணை இந்து, சீக்கிய, பௌத்த சமயத்தவரை மட்டுமே பட்டியல் சாதியினராக ஏற்கிறது. எனவே இவர்களுடைய பிள்ளைகளுக்கு மத்திய அரசின் இந்த உதவித்தொகை இல்லை. தமிழ்நாடு அரசின் அண்ணல் அம்பேத்கர் வெளிநாட்டு உயர்கல்வித் திட்டம் கிறித்தவ ஆதிதிராவிடர்களையும் உள்ளடக்கியது என்பது ஆறுதல். பரோடாவில் தடியோடு வந்தவர்கள் அவருடைய மதத்தைக் கேட்கவில்லை, சாதியைத்தான் கேட்டார்கள். சட்டம் மட்டும் ஏன் மதத்தைக் கேட்கிறது?

இவை அனைத்துக்கும் அடிப்படையான சட்டக் குறை ஒன்று இருக்கிறது. வெளிநாட்டு உதவித்தொகை எந்தச் சட்டத்தின் கீழும் வரவில்லை. அது அமைச்சகத்தின் வழிகாட்டு நெறிகளால் நடக்கும் திட்டம். பட்டியல் சாதியினரின் கல்வி நலனைத் தனிக்கவனத்தோடு வளர்க்கவேண்டும் என்று அரசமைப்பின் 46ஆம் உறுப்பு அரசுக்குக் கட்டளையிடுகிறது. ஆனால் அது நெறிமுறைக் கோட்பாடு; நேரடியாக நீதிமன்றத்தில் செயல்படுத்தக் கோர இயலாது. ஆகவே பாடத்தை நீக்கவும் இடத்தைக் குறைக்கவும் நிதியைத் தள்ளிப்போடவும் ஒரு சுற்றறிக்கை போதும். மன்னர் இருந்த இடத்தில் அமைச்சகம் இருக்கிறது. அருள் அருளாகவே தொடர்கிறது.

நம் கோரிக்கைகள் தெளிவானவை. இந்தத் திட்டத்துக்கு நாடாளுமன்றம் சட்டவடிவம் தரவேண்டும். பாட விலக்கை நீக்கவேண்டும். தேர்வான ஒவ்வொருவருக்கும் சேர்க்கைக் காலத்துக்குள் நிதியை உறுதிசெய்ய வேண்டும். மதத்தைக் காரணம் காட்டித் தலித் பிள்ளைகளை வெளியே நிறுத்தக்கூடாது. அதுவரை, சட்டம் அறிந்தவர்களும் அரசுப் பணியில் இருப்பவர்களும் தத்தம் ஊரில் ஒரு மாணவருக்கேனும் விண்ணப்பத்தையும் சான்றிதழ்களையும் உரிய நாளுக்குள் முடித்துக் கொடுக்கும் பொறுப்பை ஏற்கலாம். கேலுஸ்கர் செய்தது அவ்வளவுதான்: ஒரு புத்தகம் கொடுத்தார், ஒரு மாணவரை உரிய கதவு வரை அழைத்துச் சென்றார்.